தடித்த எண்ணெயா, தகுந்த எண்ணெயா?

சென்ற மாதத்தில் ஒரு மாலை வேளை, நம் தெருவில் வசிக்கும் ஆசிரிய நண்பர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கையில் ஒரு சிறு புத்தகம், முகத்தில் பெருங்குழப்பம். முதிய தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வரவும், பலரின் கை மாறிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றை அவர் அண்மையில் வாங்கியிருந்தார். எண்ணெய் மாற்றுவதற்காகப் பட்டறைக்குச் சென்றவிடத்தில்தான் சிக்கல் தோன்றியது. வண்டியோடு வந்த கையேடு ‘0டபிள்யூ-20’ என்று கூறுகிறது. பட்டறைக்காரரோ, “சார், புத்தகத்துல போட்டிருக்கிறதெல்லாம் குளிர் தேசத்துக்கு. நம்ம ஊர் வெயிலுக்குத் தண்ணி மாதிரி எண்ணெய் தாங்காது, இருபது-ஐம்பது ஊத்துங்க” என்கிறார். எதிர்க்கடைக்காரரோ, இருப்பதிலேயே விலை கூடிய டப்பாவை எடுத்து நீட்டுகிறார். “இம்மூவருள் யாரை நம்புவது?” என்பது நண்பரின் கேள்வி.

கார் வைத்துள்ள குடும்பங்கள் பலவற்றிலும் இக்கேள்வி எழுவதுண்டு. ஆதலின் அவருக்கு நாம் கூறிய விடையையே இத்திங்கள் வாசகர்களுக்கும் வழங்குகின்றோம்.

முதற்கண், என்ஜினுக்குள் எண்ணெய் ஆற்றும் பணி யாதெனக் காண்போம். நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் தண்டும், அதனைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாதவாறு, தலைமயிரினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இடையே நிற்கின்றது. அப்படலமே என்ஜினின் உயிர். உராய்வைக் குறைப்பதோடு, பிஸ்டனின் வெப்பத்தை ஏற்றுக்கொள்வதும், கரியையும் கசடையும் தன்னுள் கரைத்துச் சுமப்பதும், துருப்பிடியாமல் காப்பதும் எண்ணெயின் கடமைகளே. இத்தனைக்கும் வேண்டுவது தடிப்பு மட்டுமன்று. உரிய நேரத்தில் உரிய இடத்தைச் சென்றடையும் ஓட்டமும் வேண்டும்.

இனி, டப்பாவின்மேல் உள்ள எண்களின் பொருளை அறிவோம். இவை எஸ்.ஏ.இ. என்னும் வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த அளவைகள். ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண், குளிர்ந்த நிலையில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டுவது. எண் சிறிதாயின் ஓட்டம் எளிது. பின்னுள்ள எண், 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எண்ணெயின் தடிப்பைக் காட்டுவது; எண் பெரிதாயின் தடிப்பு மிகுதி.

“நம் ஊரில் குளிர் ஏது? முன்னெண் நமக்கு எதற்கு?” என நண்பர் வினவினார். நியாயமான வினாதான். ஆயினும், என்ஜினின் கணக்கில் நம் ஊரின் 30 பாகை விடியற்காலையும் குளிரே. அந்நிலையில் எந்த எண்ணெயும் 100 பாகையில் இருப்பதைவிடப் பன்மடங்கு தடித்திருக்கும். அதிலும் ‘20டபிள்யூ-50’ எண்ணெய், ‘5டபிள்யூ-30’ எண்ணெயைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் தடித்தே கிடக்கும். இரவெல்லாம் அடித்தட்டில் வடிந்து கிடந்த எண்ணெய், சாவியைத் திருப்பிய சில நொடிகளில் என்ஜினின் உச்சிவரை ஏறியாக வேண்டும். தேய்மானத்தில் பெரும்பங்கு நிகழ்வது என்ஜின் சூடேறுமுன் உள்ள அத்தொடக்க வேளையில்தான்.

பட்டறைக்காரரின் மற்றொரு வாதம் வெயிலைப் பற்றியது. என்ஜினின் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது சூரியன் அன்று. அதனுள் சுழலும் குளிர்நீரும், அந்நீரை ஏறத்தாழ 90 பாகையில் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டுமே ஆகும். வெளியே ஊட்டியாயினும் வேலூராயினும், சூடேறிய என்ஜினின் உள்வெப்பம் ஏறக்குறைய ஒன்றே. மலையேற்றத்திலும் பெருஞ்சுமையிலும் அது சற்றுக் கூடலாம். அதனையும் எண்ணிப் பார்த்தே தயாரிப்பாளர் கையேட்டை எழுதுகின்றார்.

இவ்வாறு கூறுவதால் பட்டறைக்காரரை அறியாதவர் என்று தள்ளிவிடலாகாது. அவர் தொழில் கற்ற நாளில் அம்பாசிடரும் பத்மினியுமே நம் சாலைகளை ஆண்டன. அவ்வண்டிகளில் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற எண்ணெய்களே பெருவழக்கு. அக்கால என்ஜின்களின் இடைவெளிகள் அகன்றவை. தடித்த எண்ணெய் அவற்றிற்குப் பொருந்தியது. இக்கால என்ஜின்களிலோ இடைவெளிகளும் எண்ணெய் வழிகளும் மிகக் குறுகியவை. வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றியமைக்கும் கருவிகூடப் பல கார்களில் எண்ணெயின் அழுத்தத்தாலேயே இயங்குகின்றது. இவற்றில் தடித்த எண்ணெயை ஊற்றினால் என்ஜின் அன்றே நின்றுவிடாது. ஆனால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், காலைநேரத் தேய்மானமும் மிகும்.

கையேட்டில் சில வேளைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் அட்டவணையாகத் தரப்பட்டிருக்கும். அவற்றுள் எதனையும் நாம் அச்சமின்றித் தேர்ந்துகொள்ளலாம். அட்டவணைக்கு வெளியே செல்வதே தவறு.

தடிப்பை அடுத்து நோக்க வேண்டியது தரம். ஏ.பி.ஐ. என்னும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் குறியீட்டில், ‘எஸ்’ எனத் தொடங்குவது பெட்ரோல் என்ஜினுக்கும், ‘சி’ எனத் தொடங்குவது டீசல் என்ஜினுக்கும் உரியது. இரண்டாம் எழுத்து அகர வரிசையில் முன்னேறுந்தோறும் தரம் உயரும். 1980-ஆம் ஆண்டில் ‘எஸ்.எஃப்.’ என்றிருந்தது, 2010-இல் ‘எஸ்.என்.’ ஆகி, 2020-இல் ‘எஸ்.பி.’ ஆயிற்று. பெட்ரோல் கார்களில், கையேடு கேட்பதற்குப் பிந்திய எழுத்தாயின் பெரும்பாலும் குற்றமில்லை. முந்திய எழுத்தாயின் மலிவாகக் கிடைப்பினும் வேண்டா.

டீசல் கார் வைத்திருப்போர் இன்னும் கருத்தாயிருத்தல் வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளை ஒட்டி, டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி பொருத்தப்பட்டுள்ளது. இவற்றிற்குச் சாம்பல் குறைந்த தனி எண்ணெய் தேவை. வேறு எண்ணெய் ஊற்றின், அதன் சாம்பல் வடிகட்டியை நாளடைவில் அடைத்துவிடும். அதனை மாற்றும் செலவோ பெரிது. கார் எண்ணெயில் மிஞ்சியதை வீட்டு மோட்டார் சைக்கிளில் ஊற்றுவதும் ஆகாது. அதன் கிளச்சு எண்ணெயிலேயே மூழ்கி இயங்குவது. கார் எண்ணெயின் வழவழப்பால் அது வழுக்கக்கூடும். அதற்கு ‘ஜாசோ எம்.ஏ.’ என்ற குறியுள்ள எண்ணெயே உகந்தது.

மூன்றாவதாக, விலை. செயற்கை எண்ணெய் வெப்பத்தை நெடுநாள் தாங்கும் என்பது உண்மையே. 0டபிள்யூ வகைக்கு அத்தகைய உயர்ந்த அடிப்படை எண்ணெய் இன்றியமையாதது. ஆயினும், கையேடு கேட்கும் அளவும் தரமும் ஒரு டப்பாவில் இருக்குமாயின், அதனினும் இரு மடங்கு விலையுள்ளதை வாங்குவது நடுத்தரக் குடும்பத்திற்கு வீண் செலவே. அப்பணத்தில் எண்ணெயோடு வடிகட்டியையும் தவறாமல் மாற்றுவது அறிவுடைமை. போலி எண்ணெய்களும் உலவுவதால், நம்பிக்கையான கடையில், முத்திரை உடையாத டப்பாவை இரசீதுடன் வாங்குக. வெறும் டப்பாவை எறியுமுன் அதில் துளையிட்டுவிடுவதும் நன்று.

இவ்விடத்தில் நம் சொந்தப் பிழை ஒன்றையும் மறையாது கூறிவிடுகின்றோம். பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடமிருந்த பழைய காருக்கு உயர்ந்த எண்ணெயே வாங்கி ஊற்றினோம். ஊற்றியபின் ஓராண்டாக அளவுகோலை உருவிப் பார்க்கவேயில்லை. ஒருநாள் திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில், திருப்பங்களில் சிவப்பு விளக்கொன்று மினுக்கியது. “அடுத்த ஊரில் பார்த்துக்கொள்வோம்” என ஓட்டினோம். அடுத்த ஊர் வருமுன் என்ஜினில் ‘கடகட’ ஓசை எழுந்தது. எண்ணெய் சிறிது சிறிதாக எரிந்து, அடித்தட்டு ஏறக்குறைய வற்றியிருந்தது. பேரிங்குகள் தேய்ந்து, தண்டும் கீறலுற்றது. பழுது பார்க்கக் கடன் வாங்க நேரிட்டது. அவ்வாண்டு வீட்டில் புத்தாடை இல்லை. இல்லத்தரசி ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே நமக்குப் பெருந்தண்டனையாயிற்று.

ஆகவே, பதினைந்து நாள்களுக்கு ஒருமுறையேனும், நீண்ட பயணத்திற்கு முன் தவறாமலும், எண்ணெய் அளவைப் பார்த்தல் வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சூடேறிய என்ஜினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, அளவுகோலை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்க. எண்ணெய் இரு குறிகளுக்கு இடையே நிற்றல் வேண்டும். மேற்குறியைத் தாண்டவும் கூடாது. தாண்டினால் சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். எண்ணெய் கறுத்திருப்பது கண்டு அஞ்ச வேண்டா. அது கசடைச் சுமக்கின்றது என்பதே பொருள். மோரைப் போல் வெளுத்திருப்பின், நீர் கலந்துள்ளது என்று அறிந்து உடனே பட்டறையை நாடுக. அழுத்தங் காட்டும் சிவப்பு விளக்கு எரியுமாயின், ஒரு கிலோமீட்டரும் ஓட்டாது, அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்துக.

மாற்றும் தவணையையும் கையேடே கூறும். நம் நாட்டுப் பெட்ரோல் கார்கள் பலவற்றிற்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 1 ஆண்டு, இவற்றுள் முந்தியது எதுவோ அதுவே தவணை. “வண்டி ஓடவேயில்லையே” என்று ஆண்டைக் கடத்தலாகாது. நண்பரின் வண்டியைப் போல் நாள்தோறும் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடுவதில் எண்ணெய் முழுதும் சூடேறுவதில்லை. ஆவியாகிப் போகவேண்டிய நீரும் பெட்ரோலும் அதிலேயே தங்கி, அதனைக் கெடுக்கின்றன. வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாது, பட்டறையின் கழிவு எண்ணெய்ப் பீப்பாயிலேயே சேர்ப்பித்தல் நம் கடமை; நாம் குடிக்கும் கிணற்று நீர் அம்மண்ணின் அடியில்தான் ஊறுகின்றது.

நண்பர் மறுநாள் கையேட்டுடன் அதே பட்டறைக்குச் சென்றார். பட்டறைக்காரர் உரிய பக்கத்தை இருமுறை வாசித்துவிட்டு, “சரி சார், வண்டி செஞ்சவன் சொல்றான், ஊத்திடுவோம்” என்று சிரித்தாராம். பெற்ற பிள்ளையின் பசியைத் தாய் அறிவதுபோல், வண்டியின் தேவையை அதனை ஆக்கியோர் அறிவர். வீட்டில் கார் உள்ள வாசகர்கள் இன்றே அக்கையேட்டைத் தேடியெடுத்து, எண்ணெய் பற்றிய பக்கத்தில் ஓர் அடையாளம் வைப்பார்களாக. அப்படியே அளவுகோலையும் ஒருமுறை உருவிப் பார்த்துவிடுவார்களாக.