ராஜினாமா என்ற பெயரில் பணிநீக்கம்

மருத்துவக் காப்பீட்டுப் பணம் கேட்டு ஆஸ்பத்திரிக் காகிதங்களை அலுவலகத்தில் கொடுத்தார் ஒரு பெண். புணேயில் மருந்து தயாரிக்கும் தனியார் நிறுவனமொன்றில் ஐந்தாண்டுக் காலம் வேலை பார்த்தவர். கணவர் வழியாக அவருக்கு எச்.ஐ.வி. தொற்றியிருந்ததை அந்தக் காகிதங்கள் நிர்வாகத்துக்குச் சொல்லிவிட்டன. இது நடந்தது 2015-இல். பிறகு அவரிடமிருந்து ராஜினாமாக் கடிதம் வாங்கப்பட்டது. ஏட்டைப் புரட்டினால் அவராகவே விலகிக்கொண்டதாகத்தான் இருக்கும். தொழிலாளர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவரை மீண்டும் வேலையில் சேர்த்து, நிலுவைச் சம்பளத்தையும் தர வேண்டும் என்று 2018-இல் உத்தரவிட்டது.

எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பது மருந்து செய்கிறவர்களுக்குத் தெரியாமலிருக்க முடியாது. ஒரே மேசையில் சாப்பிடுவதாலோ, ஒரே இயந்திரத்தைத் தொடுவதாலோ, கழிப்பறையைப் பகிர்வதாலோ அது யாரையும் தொற்றுவதில்லை. கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமியின் அளவு பரிசோதனையில் தென்படாத நிலைக்கு வந்தவர்களிடமிருந்து உடலுறவு வழியாகக்கூடப் பரவாது என்பது இன்று உறுதிப்பட்ட மருத்துவ உண்மை. எனவே இந்த வழக்கை அறியாமையின் கணக்கில் எழுத நமக்கு மனமில்லை.

புணேயின் ஔந்த் அரசு மருத்துவமனையில், எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தரும் ஏஆர்டி மையத்துக்கு வருகிறவர்களில் பலர் எங்காவது வேலை பார்ப்பவர்கள். கட்கி, பிம்ப்ரி, ஹிஞ்சவடி எல்லாம் எட்டும் தூரம்தான். அரசு 2004 முதல் இந்த மருந்தை இலவசமாகத் தருகிறது. ஆனால் மருந்துக்குப் போகும் நாளில் விடுப்புச் சீட்டில் என்ன காரணம் எழுதுவது? இதே மருந்துக்காகச் சென்னையின் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனைக்குப் போய்வருகிறவர்களையும் அரிக்கும் கேள்வி இது. ‘காய்ச்சல்’ என்றும் ‘உறவினர் வீட்டு விசேஷம்’ என்றும் மாற்றி மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒருவர் மருந்தைத் தவறவிட்டால், அதற்கு அவருடைய முதலாளியும் பொறுப்பு.

தொற்றைக் காட்டி வேலையைப் பறிப்பதைப் பற்றிச் சட்டம் பேசத் தொடங்கி வெகுகாலமாகிறது. பொதுத்துறை நிறுவனமொன்றில் தற்காலிகத் தொழிலாளியாக இருந்தவரை, பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரிந்ததற்காக வெளியேற்றிய வழக்கில், வேலை செய்யத் தகுதியோடு இருப்பவரைத் தொற்றை மட்டும் காரணம் காட்டி விலக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1997-இலேயே தீர்ப்பளித்தது. அரசியல் சட்டத்தின் 14, 21-ஆம் பிரிவுகள் அதற்கு அடிப்படையாயின. அந்த வாதம் அரசு நிறுவனத்தின் வாசலோடு நின்றுபோனது. தனியார் முதலாளியிடம் அதே பிரிவுகளைக் காட்டி உரிமை கேட்பது கடினம். அந்தக் குறையைப் போக்கியது 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10 அன்று. புணேப் பெண் வேலையை இழந்தபோது அப்படியொரு சட்டம் இல்லை, இன்று இருக்கிறது.

வேலைக்குச் சேர்க்கவோ, வேலையில் தொடரவோ எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். நீதிமன்ற ஆணை இல்லாமல், தன் தொற்று நிலையைச் சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது. தொற்று உள்ளவரை நீக்கியே ஆக வேண்டும் என்று நினைக்கும் நிர்வாகம், அவரால் பணியிடத்தில் மற்றவர்களுக்குத் தொற்றும் ஆபத்து கணிசமாக உண்டு, அல்லது அந்த வேலையை அவரால் செய்ய இயலாது என்று தகுதியுள்ள, சார்பற்ற மருத்துவர் எழுத்தில் தந்த மதிப்பீட்டைக் காட்ட வேண்டும். அவருக்கு ஏற்றபடி வேலையை மாற்றித் தருவதில் தனக்குள்ள சிரமம் என்ன, எவ்வளவு என்பதையும் எழுதித் தர வேண்டும். சக ஊழியர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்பது இந்த இரண்டிலும் சேராது. பாதுகாப்பு தொற்றுள்ளவரோடு நின்றுவிடுவதுமில்லை. அவரோடு ஒரே வீட்டில் வாழ்கிற மனைவி, கணவர், பிள்ளைகளையும் பாகுபாடு காட்டி ஒதுக்க முடியாது. இது பல நிறுவனங்களின் மனிதவளத் துறைகள் கவனிக்காமல் விட்ட இடம்.

நமக்கு மிகவும் கவலை தருவது காப்பீட்டுக் காகிதம் பயணிக்கும் பாதை. குழுக் காப்பீடு இன்று பரவலான வசதி. ஆனால் ஊழியரின் நோய் விவரம் மேலாளர் மேசை, எழுத்தர் மேசை என்று கைமாறிக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும் இடங்கள் இன்னும் உண்டு. எச்.ஐ.வி. தகவலை வைத்திருக்கும் நிறுவனம் அதைப் பாதுகாக்க ஏற்பாடு செய்தாக வேண்டும் என்பது சட்டம். மருத்துவ ஆவணங்களை ஊழியரே நேராகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் முறையை எல்லா நிறுவனங்களும் கொண்டுவர வேண்டும். இதற்குப் பெரிய செலவொன்றும் ஆகாது. 2015-இல் அந்தப் பெண்ணுக்கு இந்த வழி இருந்திருந்தால், அவருடைய தொற்று நிர்வாகத்தின் கண்ணில் பட்டிருக்காது.

இந்தச் சட்டத்தின்படி, நூறு பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம் ஒவ்வொன்றும் சட்டமீறல்களை விசாரிக்கப் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். மருத்துவத் துறையில் இருபது பேர் இருந்தாலே போதும். பாலியல் தொல்லை புகார்க் குழுவின் உறுப்பினர் பட்டியலை அலுவலகச் சுவர்களில் பார்க்கிறோம். இந்த அலுவலரின் பெயரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில், ரத்தம் ஏற்றியதால் எச்.ஐ.வி. தொற்றிய முன்னாள் விமானப்படை வீரருக்கு ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு வழங்கியது. அதே தீர்ப்பில், புகார் அலுவலர் நியமனம் பற்றிய விவரங்களைத் தொழிலாளர் துறைச் செயலர்கள் திரட்ட வேண்டும் என்றும் ஆணையிட்டது. மகாராஷ்டிரமும் தமிழகமும் திரட்டிய விவரத்தை மாவட்ட வாரியாக மக்கள் முன் வைக்க வேண்டும். அலுவலரை நியமிக்காத நிறுவனங்களின் பெயர்களும் அதில் இருக்கட்டும்.

தண்டனையும் போதாது. சட்டமீறல் புகார்களை விசாரிக்க மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரின் உத்தரவை மீறினால் அபராதம் அதிகபட்சம் பத்தாயிரம் ரூபாய். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு ஐயாயிரம் வரை. பெரிய நிறுவனத்துக்கு அந்தப் பத்தாயிரம் ஒரு பொருட்டே அல்ல. நாடாளுமன்றம் இந்தத் தொகையை உயர்த்த வேண்டும். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவைப் பணிநீக்கமாகவே கருத வேண்டும் என்ற தெளிவான வாசகத்தையும் சட்டத்தில் சேர்க்க வேண்டும். ‘வேலையில் நியாயமற்ற முறையில் நடத்துதல்’ என்ற இப்போதைய சொற்களுக்குள் அது அடங்கும் என்று வாதிட முடியும்தான். ஆனால் வேலையிழந்து நிற்கும் தொழிலாளி அந்த வாதத்துக்கு வக்கீல் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

புணேப் பெண்ணுக்குத் தீர்ப்பு கிடைக்க மூன்றாண்டுகள் ஆயின. இன்றைய சட்டப்படி மாநிலக் குறைதீர்ப்பாளர் புகார் கிடைத்த முப்பது நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்தக் குறைதீர்ப்பாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஏஆர்டி மையங்களில் மருந்து வழங்கும் ஜன்னலருகே, மராத்தியிலும் தமிழிலும் எழுதி ஒட்டும் வேலையை இரு மாநில அரசுகளும் இந்த மாதமே செய்து முடிக்கலாம்.