வாறுகால் வேறு, சாக்கடை வேறு

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்குள் ஒரு டப்பாவின் பெயர் மாறினால் என்ன ஆகும் என்பது சிவகாசி வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எந்த டப்பாவில் எது என்று எழுதி வைப்பது அலங்காரத்துக்காக அல்ல. அது உயிர் காக்கும் காரியம்.

தண்ணீருக்கும் சாக்கடைக்கும் இந்த நியாயம் பொருந்தும். ஆனால் அதை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

வீட்டுக்குக் குழாய் வேண்டும் என்று நகராட்சி அலுவலகத்துக்குப் போகிறார் ஒருவர். ஒரு படிவம் தருகிறார்கள். அதில் ‘முன்வைப்புத் தொகை’ என்று இருக்கிறது. ‘வீட்டு உபயோகம்’, ‘வணிக உபயோகம்’ என்று இருக்கிறது. ‘கழிவுநீர் இணைப்பு’ என்று இருக்கிறது. அவர் அதைப் படித்துப் பார்ப்பதில்லை. “எங்கே கையெழுத்துப் போடணும்?” என்று மட்டும் கேட்கிறார். பணத்தைக் கட்டி, ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்.

பிறகு சிக்கல் வருகிறது. குழாய் கசிகிறது. கட்டணம் கூடுகிறது. வாறுகால் நாறுகிறது. ‘இது யார் பொறுப்பு?’ என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. அதற்கான பதில் அவர் படிக்காமல் விட்ட அந்தச் சொற்களில் இருக்கிறது.

சட்டத்தின் முதல் பக்கம்

எந்தச் சட்டத்தை எடுத்தாலும், எந்த விதியை எடுத்தாலும், தொடக்கத்தில் ஒரு பகுதி இருக்கும். அதற்கு ‘வரையறை’ என்று பெயர். இந்தச் சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு இதுதான் பொருள் என்று அங்கே சொல்லியிருப்பார்கள். ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கலாம். வழக்கு என்று வந்துவிட்டால் சட்டத்தின் பொருளே நிற்கும்.

தமிழ்நாட்டு நகராட்சிகள் 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் கீழ் நெடுங்காலம் நடந்துவந்தன. 2023 ஏப்ரல் மாதத்தில் நிலைமை மாறியது. 1998-இல் இயற்றி நிறுத்தி வைத்திருந்த நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும், அதற்கான புதிய விதிகளும் நடைமுறைக்கு வந்தன. விருதுநகர் நகராட்சிக்கும், 2021-இல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியாக உயர்ந்த சிவகாசிக்கும் இன்று ஒரே சட்டம்தான்.

சட்டம் புதிதாகிவிட்டது. அதன் சொற்கள் மக்களிடம் வந்து சேர்ந்தனவா என்பதே கேள்வி.

குழாய் என்றால் எது?

குழாய் என்பது ஒரே சொல். ஆனால் சட்டத்தில் அது பல வகை.

தெருமுனையில் எல்லோரும் பிடிப்பது பொதுக் குழாய். ஒரு வீட்டுக்கென்று உள்ளே வருவது வீட்டு இணைப்பு. இந்த வேறுபாட்டை விருதுநகருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, விருதுநகரில் அவருடைய தாயார் சிவகாமி அம்மாள் இருந்த வீட்டுக்கு நகராட்சி தனிக் குழாய் போட்டுக் கொடுத்தது என்றும், அதை அறிந்த காமராஜர் உடனே எடுக்கச் சொல்லிவிட்டார் என்றும் அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். முதலமைச்சரின் தாயாருக்கும் பொதுக் குழாய்தான் என்பது அவர் வைத்த வரையறை.

கிராமங்களுக்கு வேறொரு வரையறை உண்டு. 2019 ஆகஸ்ட் 15-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில் ‘செயல்படும் வீட்டுக் குழாய் இணைப்பு’ என்று ஒரு சொல் இருக்கிறது. சுவரில் குழாய் இருந்தால் மட்டும் அது இணைப்பு ஆகாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் வர வேண்டும். தண்ணீர் குறித்த தரத்தில் இருக்க வேண்டும். விட்டு விட்டு வராமல் முறையாக வர வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் அது ‘செயல்படும்’ இணைப்பு.

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இது 275 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் அளந்தால் சுமார் 18 குடம். பட்டாசு வேலைக்கும் தீப்பெட்டி வேலைக்கும் விடியற்காலையில் கிளம்பும் தாய்மார்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. குழாய் காய்ந்து கிடந்தால், “எங்கள் வீட்டில் குழாய் இருக்கிறது, ஆனால் இணைப்பு இல்லை” என்று அவர்கள் கிராம சபையில் எழுந்து சொல்லலாம். அது திட்டத்தின் வரையறைப்படி சரியான பேச்சு.

நகரங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. மத்திய அரசு 1999-இல் வெளியிட்ட குடிநீர்க் கையேடு ஊருக்கு ஏற்ற அளவுகளைச் சொன்னது. பொதுக் குழாயில் பிடிப்பவர்களுக்கு ஆளுக்கு 40 லிட்டர். வீட்டுக் குழாய் இருந்தும் பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு 70 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு, அல்லது அது வரப்போகும் ஊருக்கு, 135 லிட்டர். பாதாளச் சாக்கடைக்கு ஏன் கூடுதல் தண்ணீர்? போதிய நீர் ஓடாவிட்டால் குழாய்க்குள் கழிவு தங்கி அடைத்துக்கொள்ளும். ஆக, ‘பாதாளச் சாக்கடை உள்ள ஊர்’ என்ற ஒரு சொல்லில் ஆளுக்கு 65 லிட்டர் அடங்கியிருந்தது.

மழை குறைந்த சீமை இது. அந்த வறட்சிதான் தீப்பெட்டித் தொழிலுக்கும் பட்டாசுத் தொழிலுக்கும் கைகொடுத்தது. அதே வறட்சிதான் குடத்தையும் காய வைக்கிறது. ஆனைக்குட்டம் அணையையும், வெம்பக்கோட்டை அணையையும், தொலைவிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீரையும் நம்பி இந்த ஊர்கள் வாழ்கின்றன. இங்கே ஒவ்வொரு லிட்டருக்கும் மதிப்பு உண்டு.

மோட்டார் செய்யும் கேடு

வீதியில் போகும் பெரிய குழாய் நகராட்சியுடையது. அதிலிருந்து பிரிந்து வீட்டுக்குள் வரும் சிறிய குழாய் வீட்டு இணைப்புக் குழாய். அதைப் பழுது பார்க்கும் செலவு பொதுவாக வீட்டுக்காரரைச் சேரும். கசிவு எந்தக் குழாயில் என்று பார்க்காமல் சண்டைக்குப் போவதில் பயனில்லை.

குடிநீர்க் குழாயில் நேரே மோட்டார் வைத்து உறிஞ்சுவதை விதி தடுக்கிறது. அடுத்த வீட்டுத் தண்ணீர் குறைந்துவிடும் என்பது அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. பல தெருக்களில் வீட்டுக் குழாய் வாறுகாலுக்கு அடியிலோ குறுக்கிலோ போகிறது. மோட்டார் இழுக்கும்போது குழாயில் வெற்றிடம் உண்டாகும். இணைப்பில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளியில் உள்ள அழுக்கு நீர் உள்ளே புகும். மோட்டார் போட்டவர் இழுப்பது குடிநீரை மட்டும் அல்ல. வாறுகால் நீரையும் சேர்த்துத்தான்.

வாறுகாலுக்கு உரியது எது?

விருதுநகர்ச் சீமையில் தெரு ஓரத்துத் திறந்த கால்வாய்க்கு வாறுகால் என்று பெயர். அழகான சொல். மழைநீரும், குளித்த நீரும், பாத்திரம் கழுவிய நீரும் ஓடுவதற்காக அமைந்தது அது. மலம் கலந்த நீருக்கு அங்கே இடம் இல்லை.

பாதாளச் சாக்கடை என்பது பூமிக்குள் போகும் மூடிய குழாய். கழிப்பறைக் கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோவது அதன் வேலை. அதில் மழைநீரை விடக்கூடாது. விட்டால் மழை நாளில் குழாய் நிரம்பி, ஆள்நுழை குழி வழியாகக் கழிவு தெருவில் பொங்கும்.

பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் செப்டிக் டாங்க். இதற்கும் சட்டத்தில் வரையறை உண்டு. தண்ணீர் கசியாத தொட்டியாக இருக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான சொல். மலக் கழிவைத் தாங்கி வைத்து, நுண்ணுயிர்களால் மட்க வைக்கும் தொட்டி அது. அதிலிருந்து வெளிவரும் நீர் உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும்.

இப்போது வீடுகளைப் பார்க்கலாம். அடியில் தளம் போடாமல், மண் தெரிய விட்டு, நான்கு பக்கமும் செங்கல் வைத்து மூடிவிட்டு, “எங்கள் வீட்டில் செப்டிக் டாங்க் இருக்கிறது” என்று சொல்கிறவர்கள் எத்தனை பேர்! “பத்து வருஷம் ஆகியும் நிரம்பவே இல்லை” என்று பெருமையும் பேசுவார்கள். அது பெருமை அல்ல. நிரம்பாத தொட்டி கசிகிறது என்று பொருள். கழிவு மண்ணுக்குள் இறங்கி, பக்கத்துக் கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் தேடிப் போகிறது.

இதற்கு உலகறிந்த சாட்சி உண்டு. 1854-இல் லண்டன் நகரில் பிராட் தெரு என்ற இடத்தில் காலரா வந்து நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாக விசாரித்து, பெரும்பாலோர் ஒரே அடிபம்பில் தண்ணீர் குடித்தவர்கள் என்று கண்டுபிடித்தார். பின்னர் தோண்டிப் பார்த்தபோது, அந்தக் கிணற்றுக்குச் சில அடி தூரத்தில் ஒரு வீட்டின் கழிவுக் குழி இருந்தது. அதன் செங்கல் சுவர் சிதைந்து கசிந்துகொண்டிருந்தது. ‘தண்ணீர் கசியாத’ என்ற சொல்லைச் சட்டத்தில் ஏன் வைத்தார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

உயிரைக் குடிக்கும் தொட்டி

எல்லாவற்றிலும் முக்கியமான வரையறை ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாததால் உயிர்கள் போகின்றன.

2013-ஆம் ஆண்டு மத்திய அரசு ஒரு சட்டம் செய்தது. மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் அது. அதில் ‘அபாயகரமான சுத்தம்’ என்று ஒரு சொல் வருகிறது. பாதுகாப்புக் கவசமும் கருவியும் கொடுக்காமல், முன்னெச்சரிக்கை எதுவும் இல்லாமல், சாக்கடையிலோ செப்டிக் டாங்கிலோ ஆளை விட்டுச் சுத்தம் செய்ய வைப்பதே அபாயகரமான சுத்தம்.

இது நகராட்சிக்கும் கான்டிராக்டருக்கும் மட்டும் உள்ள சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ‘எந்த நபரும்’ இப்படி ஆளை வைக்கக்கூடாது என்கிறது சட்டம். வீட்டுக்காரரும் அந்த நபர்தான். முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை போகும். ஜாமீனில் விட முடியாத குற்றம் இது.

மூடிய தொட்டிக்குள் விஷவாயு சேர்ந்திருக்கும். அழுகிய முட்டை நாற்றம் கொண்ட வாயு அது. அளவு மிகுந்துவிட்டால் மூக்கின் உணர்வே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் சாவது இப்படித்தான். தீக்குச்சி கிழித்துப் பார்த்தால் வாயு இருப்பது தெரிந்துவிடும் என்பதும் ஆபத்தான எண்ணம். உள்ளே எரியும் வாயுவும் இருக்கும். தீப்பெட்டிக்குப் பேர் போன சீமையில் இதை விரித்துச் சொல்ல வேண்டுமா?

இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறியது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனாலும் போன உயிருக்கு எந்தத் தொகை ஈடாகும்?

செய்ய வேண்டியது என்ன?

செப்டிக் டாங்கை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, உரிமம் பெற்ற கழிவு லாரியைக் கொண்டு எடுக்க வேண்டும். அடைப்பு என்றால் ஆளைத் தேடாமல் 14420 என்ற உதவி எண்ணைத் தேட வேண்டும். வாறுகாலில் விட்டிருக்கும் கழிப்பறைக் குழாயை எடுத்துவிட வேண்டும். படிவத்தில் கையெழுத்துப் போடுமுன், “இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?” என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அதைப் பெற்றோருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

உள்ளாட்சிகளுக்கும் கடமை உண்டு. வரி கட்டும் இடத்தில் ஒரு பலகை வைக்கலாம். ‘வீட்டு இணைப்பு என்றால் இது, அதன் பழுது இன்னார் பொறுப்பு. வாறுகால் என்றால் இது. இதில் இன்னதை விடக்கூடாது. செப்டிக் டாங்க் என்றால் இது. இதில் ஆள் இறங்கக்கூடாது.’ பத்துச் சொல் போதும். பெரிய எழுத்தில், ஊர் பேசும் தமிழில் இருந்தால் போதும். குடிநீர் ரசீதின் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது? அங்கேயும் இதை அச்சடிக்கலாம். செலவு அதிகம் ஆகாது.

சட்டப் புத்தகத்தில் ‘வடிகால்’ என்று எழுதிவிட்டு, ஊர் முழுவதும் ‘வாறுகால்’ என்று பேசினால், சட்டம் ஒரு பக்கமும் ஜனங்கள் ஒரு பக்கமும் நிற்பார்கள். சட்டத்தின் சொல்லுக்குப் பக்கத்தில் ஊரின் சொல்லையும் எழுதிவிட்டால் இரண்டும் சேர்ந்து நடக்கும்.

மருந்து டப்பாவில் பெயர் ஒட்டத் தெரிந்த ஊர் இது. தன் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் அது பெயர் ஒட்டிக்கொள்ளட்டும். பெயர் தெரிந்தால் பொறுப்பு தெரியும். பொறுப்பு தெரிந்தால் தெரு சுத்தமாகும், உயிரும் பிழைக்கும்.