பேஸ் இல்லையே, மாமா!

ஸ்பீக்கர் கடைக்குள் கால் வைத்தால் போதும், பையன் ஓடிவந்து ஒரு பாட்டைப் போடுகிறான். பாட்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அதில் யாரோ பாடுகிறார், ஆணா பெண்ணா என்பது கடைசிவரை பிடிபடுவதில்லை. கண்ணாடிக் கதவு அதிர்கிறது, காலடியில் டைல்ஸ் அதிர்கிறது, பையன் முகத்தில் பெருமிதம் பொங்குகிறது. "எப்படி சார் பேஸு?" என்கிறான். "தம்பி, யாராவது நியூஸ் வாசிக்கிறது கிடைச்சா போடேன், கேட்டுப் பார்க்கலாம்" என்றேன். "நியூஸா சார்?" என்று கேட்டுவிட்டு, கல்லாவில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்தார்.

ஆமாம், நியூஸ்தான். ஸ்பீக்கரைச் சோதிக்கப் பேச்சுக் குரலைவிடக் கறாரான பொருள் கிடையாது. ஒரு வயலின் இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று நாலு பேரைக் கேட்டால் நாலு விதமாகச் சொல்வார்கள். மனுஷன் பேசினால் எப்படி இருக்கும் என்பது பிறந்த நாளிலிருந்து காதுக்குப் பழக்கம். குரல் கொஞ்சம் மூக்கடைத்தாலும், நெஞ்சு கொஞ்சம் கனத்தாலும் உடனே தெரிந்துவிடும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவில் ஒரு ஆளைப் பேசவைத்து, அவர் குரலை நேரிலும் பெட்டி வழியாகவும் மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் ஸ்பீக்கர்களைத் தேற்றினார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்ல பெட்டி.

அப்படித் தேறி வந்த பெட்டிகளில் மிகச் சின்னது எல்.எஸ்.3/5ஏ. உயரம் 30 சென்டிமீட்டர், அகலம் 19, ஆழம் 16. உள்ளே இருக்கும் காற்று சுமார் 5 லிட்டர். 1970-களின் தொடக்கத்தில் வெளியூர் ஒலிபரப்புக்குப் போகும் வேனுக்காகச் செய்தது. வேனுக்குள் பெரிய பெட்டி வைக்க இடம் இல்லை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டால் தரம் பிடிபடாது. ஏற்கெனவே ஒரு ஸ்டூடியோவை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி மாதிரி கட்டி ஆராய்ந்தபோது ஒரு குட்டி ஸ்பீக்கர் தேவைப்பட்டிருந்தது. அதிலிருந்து பிறந்தது இது. அதற்குள் எவ்வளவு வேலை என்கிறீர்கள்! 12 மில்லிமீட்டர் பர்ச் ப்ளைவுட். பலகையைக் கனமாக்கி அதிர்வை அடக்குவது ஒரு வழி. இவர்கள் அப்படிச் செய்யவில்லை. மெல்லிய பலகையில் தார் கலந்த தகட்டை ஒட்டி, அதிர்வு வந்தாலும் காதில் உறைக்காத அளவுக்கு அதைத் தணித்தார்கள். உச்சஸ்தாயியைப் பாடும் ட்வீட்டரின் ஓசை பெட்டியின் விளிம்பில் பட்டுச் சிதறக் கூடாதென்று சுற்றிலும் கம்பளிப் பட்டை. விரல் படாமலிருக்க ஓட்டை போட்ட உலோக மூடி.

எனக்கு வியப்பு தீராத சங்கதி இன்னொன்று உண்டு. பெட்டிக்குள் மூலைகளில் பலகைகளைப் பிடித்திருக்கும் சட்டங்கள் பீச் மரத்தில் இருக்க வேண்டும் என்பது பிபிசி கணக்கு. அந்த இடத்தில் பரானா பைன் மரத்தைப் போட்டபோது குரலின் நிறம் மாறியது காதுக்கே தெரிந்ததாம். எங்கேயோ உள்ளே, யார் கண்ணிலும் படாத விரல் தடிமன் சட்டம்! இதை 1976-ல் வெளியிட்ட அறிக்கையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் கிச்சன் கப்போர்டுக்குத் தேக்குக்குக் காசு வாங்கிக்கொண்டு வேறு எதையோ வைத்து மூடிவிட்டுப் போன ஆசாரியிடம் இதைச் சொல்லலாம் என்று பார்த்தால், அந்த மனுஷன் இப்போது போனை எடுப்பதில்லை.

அந்த பிபிசி பெட்டியில் கீழ்ஸ்தாயிக்கான வூஃபரும் ட்வீட்டரும் கென்ட் மாவட்டத்து கெஃப் கம்பெனி செய்தவை. அந்தக் கம்பெனியை 1961-ல் தொடங்கிய ரேமண்ட் குக்கும் பழைய பிபிசி ஆள்தான். உரிமம் வாங்கிப் பெட்டி செய்து விற்றவை ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் என்று பல. இதில் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. ஸ்பெண்டார் என்பது ஸ்பென்சர் ஹியூஸ் தன் பேரில் பாதியையும் மனைவி டோரத்தி பேரில் பாதியையும் சேர்த்து வைத்தது. ஹார்பெத் என்பது ஹார்வுட் பாதி, அவர் மனைவி எலிசபெத் பாதி. இரண்டு பேருமே பிபிசியிலிருந்து வந்தவர்கள். இதை என் மனைவியிடம் ரொம்ப ஆர்வமாகச் சொன்னேன். "அந்தப் பொம்பளைங்க ரெண்டு பேரும் என்னென்ன பொறுத்துக்கிட்டாங்களோ" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

அவ்வளவு செய்தும் அந்தப் பெட்டி கத்தாது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் சுமார் 82 டெசிபல். இன்று கடையில் இருக்கும் சராசரிப் பெட்டி 88 தொடும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும் என்பதால், அதே சத்தத்துக்கு நாலு மடங்கு கரண்டு கேட்கிறது. காரணம் பௌதிகம். பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், கீழ்ஸ்தாயி இறங்க வேண்டும், சத்தமும் வேண்டும் என்றால் மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. இரண்டை எடுத்துக்கொண்டு ஒன்றை விட வேண்டும். அவர்கள் சத்தத்தை விட்டார்கள், அடிஆழத்து பேஸிலும் பெரும்பங்கை விட்டார்கள், குரலை மட்டும் விடவில்லை. கொஞ்சம் கள்ளத்தனமும் உண்டு. பேஸின் மேல்பகுதியை லேசாகத் தூக்கிவைத்திருப்பதால், இல்லாத ஆழம் இருப்பதாகக் காது நம்பிக்கொள்ளும். அந்தக் கள்ளத்தனத்தை நான் மன்னிக்கிறேன்.

பழசு என்றாலே உசத்தி என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது, அவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம். அந்தக் காலத்துப் பெட்டிகளில் பாதி, மரத்தூள் பலகையில் மரப்படம் போட்ட காகிதம் ஒட்டியது. 'மூன்று வழி' என்று முன்னால் பளபளவென்று எழுதியிருக்கும். திறந்தால் ட்வீட்டருக்கு ஒரே ஒரு கெபாசிட்டர், ஓசையைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸோவர் அவ்வளவுதான். வெள்ளிநிற வளையம் மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமே இல்லாத அலங்கார ட்வீட்டர்கூட உண்டு. இன்னொரு பக்கம், அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகளில் மினிமஸ் 7 என்று ஒன்று விற்றார்கள். வார்ப்பு அலுமினியப் பெட்டி, 4 இன்ச் வூஃபர், நடுத்தர வீட்டுக்காரர் வாங்கக்கூடிய விலை. கையில் எடுத்தால் கனக்கும், பாடினால் நாணயமாகப் பாடும். பழசா புதுசா என்பது எனக்குப் பேச்சே இல்லை. செய்தவனுக்குக் குரல்மேல் அக்கறை இருந்ததா என்பதுதான் பேச்சு.

என் வீட்டில் இருப்பது பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒரு ஜோடி. பிபிசி பரம்பரை இல்லை, ஆனால் ஒழுங்கான பெட்டி. நிஜ மரத்தோல் ஒட்டியது, பின்பலகை ஸ்க்ரூவில் நிற்பது. அதை வைத்துக்கொண்டு நான் படுகிற பாட்டைத்தான் யாரிடமாவது கொட்ட வேண்டும்.

முதலில் ஃபோம். வூஃபரின் கோனையும் இரும்புச் சட்டத்தையும் இணைத்து ஒரு மெத்தென்ற வளையம் ஓடும். அந்தக் காலத்தில் பலரும் அதை பாலியூரிதேன் ஃபோமில் செய்தார்கள். ஈரக்காற்று பட்டுப்பட்டு அதன் கட்டமைப்பே அறுந்துபோகும். குளிர்நாட்டிலேயே பத்துப் பதினைந்து வருஷம்தான் ஆயுள் என்றால் மெரினாவுக்குப் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். ஒருநாள் கிரில் துணியைக் கழற்றித் தொட்டேன், பழைய மைசூர்பாகு மாதிரி விரலோடு உதிர்ந்து வந்தது. எல்.எஸ்.3/5ஏ-வின் வூஃபருக்கு ரப்பர் வகை வளையம், அதனால் ஐம்பது வயதிலும் பல ஜோடிகள் பாடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றை வாங்கிவிடலாம் என்றால் விலை லட்சத்தைத் தாண்டிவிட்டது. வேனில் உருண்டு புரண்டு உழைக்கப் பிறந்த பெட்டி இப்போது கண்ணாடி அலமாரியில், சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

சென்னை ரிச்சி தெருப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் வூஃபர்களைக் கொண்டுபோனேன். கையில் வாங்கித் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த ஃபோம்லாம் வராது சார். புது வூஃபர் ரெண்டு போட்டுத் தரேன், சவுண்டு சும்மா அள்ளும்." எனக்குச் சவுண்டு அள்ள வேண்டாமய்யா. ஏதோ ஒரு வூஃபரைப் போட்டால் ஓட்டைக்குள் பொருந்தும், பெட்டிக்குப் பொருந்தாது. கோனின் எடை வேறு, காயிலின் தடை வேறு, கிராஸோவர் கணக்கே தப்பிப்போகும். கெஃப் வூஃபரின் குணம் கொஞ்சம் மாறியது என்பதற்காகவே பிபிசிக்காரர்கள் எல்.எஸ்.3/5-ஐத் திருத்தி வரைந்தார்கள், பெயரின் கடைசியில் இருக்கும் 'ஏ' அந்தத் திருத்தத்தால் வந்தது. 1980-களின் பிற்பகுதியில் திரும்பவும் ஒருமுறை கிராஸோவரை மாற்றி, 15 ஓம் பெட்டியை 11 ஓம் ஆக்கினார்கள். இதையெல்லாம் அந்தக் கடை வாசலில் நின்று விளக்க முடியுமா? "சார், எல்லாம் ஸ்பீக்கர்தான் சார்" என்கிறார்.

இதற்கு முன்னால் வேறொருவர் ஒயர் மாற்றித் தருகிறேன் என்று ஒரு பெட்டியில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். ஒரு கோன் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும், இரண்டும் சேர்ந்து பேஸைத் தின்றுவிடும். பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்க அலைவார். ஒன்றரை வோல்ட் செல்லை வைத்துத் தொட்டுப் பார்த்தால் கோன் எந்தப் பக்கம் குதிக்கிறது என்று ஒரு நிமிஷத்தில் தெரியும். அந்த ஒரு நிமிஷம் யாருக்கும் இல்லை.

வீட்டில் நடப்பது தனிக் கதை. ஸ்பீக்கர்மேல் பூச்சாடி வைக்காதீர்கள் என்று எவ்வளவு சொன்னாலும் மரத்தோலில் தண்ணீர் வட்டம் ஒன்று கூடிக்கொண்டேதான் போகிறது. விருந்துக்கு வந்த குழந்தை ட்வீட்டரின் குமிழை அமுக்கிவிட்டுப் போனது. "பொட்டு மாதிரி இருக்குல்ல, அதான் தொட்டுப் பார்த்திருக்கு" என்று அதன் அம்மா சிரிக்கிறார். பிபிசிக்காரன் உலோக மூடி போட்டது எவ்வளவு தீர்க்கதரிசனம்! வெறும் சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையும் சேர்ந்து குரலைப் பந்தாடுகின்றன. ஒரு தடித்த திரையும் ஒரு ஜமக்காளமும் போட்டால் பாதி சரியாகிவிடும். "தூசி யாரு தட்டுறது?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அக்கா மகன் வந்தான். உட்காரவைத்து, அழுகிய ஃபோமுக்கு நடுவிலும் குரல் எப்படி நிற்கிறது பார் என்று ஒரு பழைய பாட்டைப் போட்டேன். பாடகி மூச்சு வாங்குவது கேட்கிறது, தபலாவின் தோலில் விரல் படுவது கேட்கிறது. அவன் கால்மணி நேரம் பொறுத்துவிட்டு, "பேஸ் இல்லையே, மாமா" என்றான். பையிலிருந்து ஒரு டம்ளர் அளவுப் புளூடூத் ஸ்பீக்கரை எடுத்துவைத்தான். திறமை இல்லை என்று சொல்ல மாட்டேன். உள்ளே ஒரு சிப் உட்கார்ந்து, சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸை ஏற்றியும், கூட்டும்போது கோன் கிழியாதபடி அதை இறக்கியும் கணக்குப் போடுகிறது. இருபுறமும் ரப்பர் சவ்வுகள் துடிக்கின்றன. பாடகி மட்டும் எங்கோ போர்வைக்குள் போய்விட்டார். சரி, இதன் பேட்டரி செத்தால் என்ன செய்வாய் என்றேன். "புதுசு வாங்கிக்குவேன் மாமா." திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு ஸ்க்ரூ இல்லை, எல்லாம் பசை.

அந்த ரகத்தில் பெரிய பெட்டிகளின் அட்டையைப் படித்திருக்கிறீர்களா? முன்னால் 4000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், பின்னால் தொங்கும் அடாப்டரோ 24 வாட்ஸ். நொடியின் ஏதோ ஒரு துணுக்கில், அதுவும் தாளில் மட்டும் எட்டக்கூடிய கணக்கு அது. எல்.எஸ்.3/5ஏ-வுக்குச் சொன்னது 25 வாட்ஸ். 4000-ஐப் பார்த்து வாங்கியவரிடம் 25-ஐச் சொன்னால் அனுதாபத்தோடு பார்க்கிறார்.

நேற்று மெக்கானிக் போன் பண்ணினார். நான் விடாமல் நச்சரித்ததில் எங்கேயோ சொல்லி ஃபோம் வளையம் வரவழைத்துவிட்டாராம். நான் கேட்டது 5 இன்ச், வந்திருப்பது 6. "கவலைப்படாதீங்க சார், சுத்தி கத்தரிச்சு ஒட்டிடலாம். அப்படியே மேலே ஒரு எல்.இ.டி. லைட்டும் வச்சுத் தரட்டுமா?"