கிணறும் மாளிகையும்

அழிந்துபோன ஊர்களைப் பற்றிக் கூறுமிடத்துத் திருமறையின் ஹஜ் அத்தியாயம் உயர்ந்த மாளிகைகளை மட்டும் சுட்டவில்லை. பாழடைந்து கிடக்கும் கிணற்றையும் உடன் சேர்த்தே சுட்டுகின்றது. அடுத்த வசனத்திலேயே, பூமியில் பயணம் செய்து நெஞ்சால் உணருமாறு நம்மை அழைக்கின்றது. மாளிகையில் மன்னன் வாழ்ந்தான்; கிணற்றடியிலோ ஊரே வாழ்ந்தது. ஓர் ஊரின் பழமையைக் காணப் புகுவோர் இரண்டையும் காணல் வேண்டும்.

புதுச்சேரிக்கு வருவோரிற் பலர் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கேயுள்ள வீதிகளைச் சுற்றி, மஞ்சள் வண்ணச் சுவர்களையும் வளைவு வாயில்களையும் படம் பிடித்துத் திரும்பிவிடுகின்றனர். அவை அழகியவையே. அழகை ரசிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆயினும் 1761இல் இந்நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அதனை இடித்துத் தகர்த்தனர் என்பதும், 1765இல் பிரெஞ்சுக்காரர் மீண்டு வந்த பின்னரே அது மறுபடியும் எழுந்தது என்பதும் எத்தனை பேருக்கு நினைவில் இருக்கின்றன? டூப்ளே வீற்றிருந்த கோட்டையும் மாளிகையும் இன்று இல்லை.

பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபத்தைப் பாருங்கள். அது போர் வெற்றிக்காக எழுப்பப்பட்டதன்று. மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்ததன் நினைவுச் சின்னம் அது. தன் மாளிகையை இடித்து அவ்விடத்தே குளம் வெட்டுவித்தாள் எனச் சொல்லப்படும் ஆயி என்னும் பெண்மணியின் பெயரைத் தாங்கியுள்ளது. கதையில் செவிவழிச் செய்தி எவ்வளவு என்பது வேறு விஷயம். மறைந்த தாயின் பொருட்டுச் செய்யும் தர்மங்களில் சிறந்தது எது என வினவிய ஸஅத் (ரலி) அவர்களுக்கு, தண்ணீர் என்றே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்தார்கள். அதனை அறிந்த நாம் அம்மண்டபத்தை வெறும் வேடிக்கையாகக் கடந்து செல்லலாமா?

தமிழர் வீதிகளின் திண்ணையும் தாழ்வாரமும் அத்தகையனவே. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க, வீட்டுக்காரர் தம் இடத்தில் விட்டுக்கொடுத்த நிழல் அது. ஜகாத் பெறத்தக்க எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் திருமறை சேர்த்திருக்கின்றது. பழைய வீட்டைப் புதுப்பிக்கும் நம்மவர் முதலில் திண்ணையைத்தான் இரும்புக் கம்பியிட்டு அடைக்கின்றனர்!

இனி, வழிகாட்டிகள் பெரும்பாலும் அழைத்துச் செல்லாத ஓரிடம். வெள்ளையர் வீதிகள் முடியும் வடபுறத்தே, கடலையொட்டி இருப்பது குருசுக்குப்பம், மீனவர் ஊர். கட்டுமரத்தைக் கரையேற்றவும் வலையை உலர்த்தவும் மீனைக் காய வைக்கவும் இவர்களுக்கு மணற்பரப்பே முற்றம். இக்கடற்கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்கென அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டதும் அம்மணல் அங்கேயே தடைப்பட்டது. வடக்கேயுள்ள கரையைக் கடல் அரித்தது. முற்றம் இருந்த இடத்தில் கருங்கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று.

ஒரு மாளிகையின் தூண் சரிந்தால் செய்தி வருகின்றது; குழு கூடுகின்றது. 2014இல் இடிந்து விழுந்த மேரி கட்டடம் பழைய வடிவிலேயே திரும்பக் கட்டப்பட்டது, நல்லதே. ஆனால் ஓர் ஊரின் முற்றமே கடலுக்குள் போனதை நகரின் சரித்திரத்தில் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

விடுமுறையில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், காந்தி சிலையருகே சிற்றுண்டி முடித்தபின் வடக்கே சற்று நடக்கட்டும். குருசுக்குப்பத்தில் வலை சீர்செய்யும் முதியவர் எவருக்கேனும் ஸலாமோ வணக்கமோ கூறி, அவர் சிறுவராயிருந்தபோது மணல் எதுவரை இருந்தது என்று பிள்ளைகளையே கேட்கச் செய்யட்டும். அவர் கை நீட்டிக் காட்டும் இடத்தில் இப்போது அலைதான் இருக்கும்.