118 நாள் கணக்கு

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

போன வாரம் ஓபியில் ஒரு அம்மா. வயது 47, நூறு நாள் வேலைக்குப் போறவங்க. மார்பில் கட்டி. பிளாஸ்டிக் கவரை நீட்டி, "எல்லா சீட்டும் இருக்கு சார், ஒண்ணும் தொலைக்கல"ன்னாங்க. முதல் ஓபி சீட்டின் தேதியிலிருந்து எண்ணிப் பார்த்தேன். 118 நாள். இன்னும் முதல் கீமோ போடல.

சீட்டுகளை வரிசையா அடுக்கினா தனியா யார் மேலயும் தப்பு சொல்ல முடியல. மேமோகிராமுக்கு மூணு வாரம் கழிச்சு தேதி. பயாப்ஸி ரிசல்ட் வந்து லேப்பிலேயே கிடந்திருக்கு, வந்துடுச்சுன்னு யாரும் போன் பண்ணல. ஈஆர், பிஆர், ஹெர்-2 டெஸ்ட்டுக்கு வெளிய அனுப்பி வாங்கணும். நடுவுல காப்பீட்டு அட்டையில் பேர் திருத்தம். ஒவ்வொரு மேசையும் தன் வேலையைச் செஞ்சிருக்கு. மொத்த நாளை எண்ணத்தான் ஒரு மேசையும் இல்ல.

மார்பகப் புற்றுநோய்க்கு உலக சுகாதார நிறுவனம் மூணு அளவுகோல் வச்சிருக்கு. 60 சதவீதத்துக்கு மேல முதல் இரண்டு ஸ்டேஜிலேயே கண்டுபிடிக்கணும். முதல்முறை டாக்டர்கிட்ட வந்து 60 நாளுக்குள்ள நோய் என்னன்னு முடிவாகணும். 80 சதவீதம் பேராவது சிகிச்சையை முழுசா முடிக்கணும். இதை எண்ண பெட் ஸ்கேன் வேண்டாம், ரோபோ வேண்டாம்.

எங்க ஆஸ்பத்திரியின் நம்பர் என்னன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. எத்தனை ஆபரேஷன், எத்தனை கீமோ, எவ்வளவு க்ளெய்ம்? ரிவ்யூ மீட்டிங்கில் எல்லாம் விரல் நுனியில் இருக்கும். மூணாவது சைக்கிளோட நின்னுபோனவங்க எத்தனை பேர்? அவங்கதான் வரவே இல்லையே, எந்த ரிஜிஸ்டரில் இருப்பாங்க?

2018-ல் லான்செட்டில் வந்த கான்கார்ட்-3 ஆய்வுப்படி மார்பகப் புற்றுநோயில் ஐந்து வருஷம் தாண்டுறவங்க அமெரிக்காவில் சுமார் 90 சதவீதம், இந்தியாவில் 66. அதுவும் சில பதிவேடுகளை மட்டும் வச்சுப் போட்ட கணக்கு. நம்ம மாவட்டத்துல எவ்வளவு?

"இருக்கிற ஆள் பத்தல, இதுல வெளிநாட்டு ஸ்டாண்டர்டா"ன்னு சக டாக்டர்கள் கேப்பாங்க. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தா நம்ம ஊர்ல என்ன நடக்கும்? எத்தனை மணிக்கு வந்தாங்க, ரத்தம் எப்ப கேட்டோம், எப்ப வந்துச்சுன்னு கலெக்டர் மீட்டிங் வரைக்கும் போகும். அதே ஆள் பற்றாக்குறையில்தான் தாய் மரணத்தை இந்த அளவு குறைச்சோம். ஆனா அந்த ஆடிட்டில் நாங்க வாங்கின திட்டு இருக்கே, அதை மட்டும் காப்பி அடிக்காதீங்க. திட்டுக்குப் பயந்து ரெஃபர் பண்ணிட்டா நம்பர் அழகா இருக்கும், நோயாளி பஸ்ஸில் இருப்பாங்க.

திங்கட்கிழமை முதல் எங்க ஸ்டாஃப் நர்ஸும் நானும் ஒரு நோட்டு போட்டிருக்கோம். கட்டின்னு வர்றவங்க பேர், ரெண்டு போன் நம்பர், முதல் தேதி, ரிசல்ட் வந்த தேதி, சிகிச்சை தொடங்கின தேதி. அவ்வளவுதான். முதல் வரி அந்த அம்மா. நாளைக்குக் காலையில் கீமோ. 126-வது நாள்.