இருக்கை வேறு, இடம் வேறு

ஆங்கிலச் 'சீட்'டுக்கு ஈடாக எங்கும் 'இருக்கை' என்றெழுதுவது தமிழுக்கும் கேடு, மக்களாட்சிக்கும் கேடு. நாற்காலி என்பது காலை எண்ணி இட்ட பெயர். இருக்கை என்பது அமர்தற்குரிய எதுவும். காலில்லாத் திண்ணையும் இருக்கையே. அவையில் பெறும் இடமோ மக்கள் தரும் உரிமை. அதனைத் தச்சன் செய்ய இயலாது.

2023இல் திறக்கப்பட்ட புதிய மக்களவைக் கூடத்தில் 888 இருக்கைகள் உள்ளன. 2024 பொதுத்தேர்தலில் நிரப்பப்பட்ட இடங்கள் 543. இரண்டையும் ஒரு சொல்லால் குறிக்கும் மொழிபெயர்ப்பாளரே, எஞ்சிய 345 எந்த மாநிலத்துக்குரியவை? தொகுதி மறுவரையறையில் வழக்கே அதுதானே! மரச்சாமானைக் காட்டி உரிமையைப் பங்கிட்டாயிற்று என்று மயக்காதீர். கூடத்தில் உள்ளதை இருக்கை என்க. தேர்தலில் வெல்வதை இடம் என்க.