ரொட்டி வீட்டுக்குப் போகும் வழி

வீட்டில் நான்கு பேர். கையில் இருக்கும் ரொட்டி தீர்ந்துவிட்டால் அவ்வளவுதான். பிள்ளைகள் இரண்டு பேரையும் நடுக்காட்டில் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்கிறாள் மனைவி. விறகுவெட்டி முதலில் மறுக்கிறான், பிறகு ஒப்புக்கொள்கிறான். பசியில் தூக்கம் வராமல் படுத்திருக்கும் பிள்ளைகள் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களான யாக்கோபும் வில்ஹெல்மும் 1812-ல் வெளியிட்ட தொகுப்பில் ‘ஹான்சலும் கிரெட்டலும்’ கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. இருநூறு வருடங்கள் தாண்டியும் உலகம் முழுக்கப் பிள்ளைகள் இதை விரும்பிக் கேட்கிறார்கள். பெரியவர்களுக்குத்தான் தயக்கம். பெற்றவர்களே பிள்ளைகளைக் காட்டில் விடுவதும், ஒரு கிழவி பிள்ளைகளைத் தின்னப் பார்ப்பதும், கடைசியில் அவளே அடுப்பில் வேகுவதும் தூங்கப் போகிற குழந்தைக்குச் சொல்கிற விஷயமா?

இந்தத் தயக்கம் புதிதல்ல. கிரிம் சகோதரர்களுக்கே இருந்தது.

1812 பதிப்பில், பிள்ளைகளைக் காட்டில் விடச் சொல்பவள் அவர்களைப் பெற்ற தாய். 1840-ல் வந்த நான்காம் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். ஸ்னோ ஒயிட் கதையிலும் இதே மாற்றம். முதல் பதிப்பில் மகளின் அழகைப் பார்த்துப் பொறாமைப்பட்டது சொந்த அம்மா. 1819-ல் அந்த இடத்துக்குச் சித்தி வந்தாள். பிரசவத்தில் பெண்கள் சாதாரணமாக இறந்துபோன காலம் அது. பல வீடுகளில் நிஜமாகவே மாற்றாந்தாய் இருந்தாள். பழியைத் தூக்கி அவள் தலையில் வைப்பது சுலபமாக இருந்தது.

ராபன்ஸல் கதையில் அந்தப் பெண் கர்ப்பமாக இருப்பதைக் காட்டிக்கொடுத்த ஒரு பேச்சையும் வில்ஹெல்ம் எடுத்துவிட்டார். ஆனால் சூனியக்காரியின் அடுப்பை அணைக்கவில்லை. ஸ்னோ ஒயிட்டின் எதிரியான ராணி, பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு சாகும்வரை ஆடுவதையும் நீக்கவில்லை. 1937-ல் வந்த டிஸ்னி படத்தில் அந்த ராணி மலையிலிருந்து விழுந்து சாகிறாள். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது இந்த முடிவுதான்.

இந்தக் கதைகளின் இருட்டு யாரோ உட்கார்ந்து யோசித்து உண்டாக்கியது அல்ல. ஃபிரான்ஸில் 1693, 94 வருடங்களில் பெரும் பஞ்சம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1697-ல் சார்ல் பெரோ வெளியிட்ட புத்தகத்தில், பஞ்ச காலத்தில் ஒரு விறகுவெட்டியும் மனைவியும் ஏழு மகன்களைக் காட்டில் விட்டுவிட்டு வருகிற கதை இருக்கிறது. அதிலும் கடைக்குட்டி வழிநெடுகக் கூழாங்கல் போடுகிறான். அடுத்த முறை ரொட்டித் துணுக்கு போடுகிறான், பறவைகள் தின்றுவிடுகின்றன. படித்தவர்களுக்குப் பஞ்சம் நேற்று நடந்த விஷயம்.

கிரிம் தொகுப்பை வாங்கியவர்களும் பசியைப் பார்த்தார்கள். 1815-ல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை. பயிர் அழிந்தது, தானிய விலை எகிறியது, ஜெர்மானியப் பகுதிகளில் ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். ரொட்டியால் சுவர், கேக்கால் கூரை, சர்க்கரையால் ஜன்னல் என்று ஒரு வீட்டை வயிறு நிறைந்தவன் அவ்வளவு ஆசையாகக் கற்பனை செய்திருக்க மாட்டான்.

சரி, அந்தப் பஞ்சம் போய்விட்டது. இன்றைக்கு மூன்று வேளையும் கெஞ்சிக் கெஞ்சிச் சோறு ஊட்டப்படும் குழந்தைக்கு இந்தக் கதையில் என்ன இருக்கிறது?

கூட்டம் நிறைந்த கடையில் அம்மாவின் கை ஒரு நிமிடம் நழுவிவிட்டால் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். அடம் பிடிக்கும்போது, ‘நீ இங்கேயே இரு, நாங்க போறோம்’ என்று நாம் விளையாட்டாகச் சொல்லும்போது அது ஓடி வரும் வேகத்தைப் பாருங்கள். என்னை விட்டுவிடுவார்களோ என்ற பயம் எந்தக் கதையும் கேட்காத குழந்தைக்கும் உண்டு. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் அதற்குத் தெரியாது. ஹான்சல் கதை அதைச் சொல்லிவிடுகிறது. உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1976-ல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் விரிவாகப் பேசினார். குழந்தையின் மனதில் ஏற்கெனவே இருக்கும் பயத்துக்கு இந்தக் கதைகள் ஓர் உருவம் கொடுக்கின்றன என்பது அவர் வாதம்.

உருவம் கிடைத்துவிட்டால் அதை எதிர்க்கலாம். அந்தப் பிள்ளைகள் எதிர்க்கிறார்கள். நிலா வெளிச்சத்தில் மின்னும் வெள்ளைக் கற்களைப் பொறுக்கிச் சட்டைப்பையில் நிரப்புகிறான் ஹான்சல். கிழவிக்குக் கண் சரியாகத் தெரியாது என்று புரிந்துகொண்டு, விரலுக்குப் பதில் எலும்பை நீட்டி ஏமாற்றுகிறான். கிரெட்டல் ஆரம்பத்தில் அழுதுகொண்டே இருப்பவள். கடைசியில் அண்ணன் கூண்டுக்குள் இருக்கிறான், காப்பாற்றப் பெரியவர்கள் யாரும் வரப்போவதில்லை. அவள்தான் கிழவியை அடுப்புக்குள் தள்ளுகிறாள். கிழவியை நல்லவளாக மாற்றி, எல்லோரும் சேர்ந்து கேக் சாப்பிட்டார்கள் என்று முடித்தால் குழந்தை தூங்கிவிடும். ஆனால் கிரெட்டல் செய்வதற்கு அந்தக் கதையில் வேலையே இருக்காது.

அதற்காக இருட்டான கதை எல்லாமே நல்ல கதை ஆகிவிடாது. 1812 பதிப்பில், கசாப்புக்கடை விளையாட்டு விளையாடும் பிள்ளைகளில் ஒருவன் இன்னொருவனைக் கொன்றுவிடும் கதை ஒன்று இருந்தது. கண்டனம் வந்தது, இரண்டாம் பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரிதான். கேட்கும் குழந்தை கற்றுக்கொள்ளவோ பிடித்துக்கொள்ளவோ அதில் ஒன்றுமில்லை. சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையும் பெரோவிடம் ஓநாய் அவளைத் தின்பதோடு முடிகிறது. கிரிம் புத்தகத்தில் வேட்டைக்காரன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துச் சிறுமியையும் பாட்டியையும் வெளியே எடுக்கிறான். சின்னக் குழந்தைக்கு இரண்டாவதுதான் நல்லது. எவ்வளவு பயமாக இருக்கிறது என்று அளக்க வேண்டாம், வெளியே வர வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கிரிம் சகோதரர்களே 1857 வரை தங்கள் கதைகளைத் திருத்திக்கொண்டுதான் இருந்தார்கள். நீங்களும் திருத்தலாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிள்ளை வளர்க்கும் சித்தி ஒருத்தி இருந்தால், மாற்றாந்தாய் என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். அந்தப் பழி 1840-ல் வந்து ஒட்டியதுதான். பசியில் புத்தி பேதலித்த அப்பா அம்மா என்று சொன்னாலே போதும். அடுப்பில் கிழவி எப்படிக் கத்தினாள் என்று நடித்துக் காட்டவும் வேண்டாம்.

ஆனால் பிள்ளைகள் தனியே விடப்பட்டதையும், கிரெட்டல் தன் கையால் தள்ளியதையும் விட்டுவிடாதீர்கள். முக்கியமாக, மணியாகிவிட்டது, மீதி நாளைக்கு என்று காட்டு நடுவில் நிறுத்திவிட்டு விளக்கை அணைக்காதீர்கள். அப்பா ஓடி வந்து கட்டிக்கொள்ளும் வீட்டு வாசல் வரை சொல்லிவிட்டுப் படுங்கள். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், ஆகட்டும்.